துக்க வீட்டில் சங்கப் பாக்கி கேட்கும் வழக்கத்தை நிறுத்துவது எப்படி? சபையின் சம்மதத்தைப் பெற ஒரு முழுமையான வழிகாட்டி

உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறது. திண்ணையில் சபைப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு, இறந்தவரின் மூத்த மகனிடம் நான்கு வருஷ சங்கப் பாக்கியை மெல்லிய குரலில் கூட்டிச் சொல்கிறார். மகன் உள்ளே போய்த் தாயிடம் ஏதோ கேட்கிறான். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சுருக்குப்பை வெளியே வருகிறது. ரசீது கிழிக்கப்பட்ட பிறகுதான் ஆலயத்தில் துக்கமணி அடிக்கிறது.

தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வளர்ந்தவர்கள் பலருக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. ஒவ்வொரு குடும்பமும் சபைக்குக் கட்ட வேண்டிய இந்தத் தொகைக்குச் சங்கம், சந்தா, வரி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நான் சபைச் செயலராக இருந்த காலத்தில் எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) இதை நிறுத்தினோம். இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகு பக்கத்துச் சேகரங்களில் இதே வேலையில் இறங்கியவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பெரும்பாலோர் இடறியது ஒரே இடத்தில்: கூட்டத்தில் எழுந்து பேசுவதிலிருந்து தொடங்கினார்கள். இந்த வழிகாட்டியில் கூட்டம் ஒன்பதாவது படி. அதற்கு முன்னால் உள்ள எட்டையும் வரிசை மாறாமல் செய்தால், அன்றைக்குப் பேச அதிகம் மிஞ்சாது.

ஆலயத்துக்குச் சாய்தளம் கட்டுவது, பெண்கள் வேதபாடம் வாசிப்பது, ஆராதனை நேரத்தை மாற்றுவது என எதற்கும் இந்த வரிசை பொருந்தும். ஆனால் எடுத்துக்காட்டு ஒன்றாக இருந்தால்தான் படிகள் தெளிவாகத் தெரியும் என்பதால் பாக்கி விஷயத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் சொந்தப் பாக்கியை இந்த மாதம் வரை கட்டி ரசீது வாங்குங்கள். பாக்கி வைத்திருப்பவர் பாக்கியைப் பற்றிப் பேசினால் யாராவது பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறப்பார்கள். அதற்குமேல் நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது.

அடுத்தது, உங்கள் சொந்தக்காரரும் அல்லாத, உங்கள் தெருவிலும் இல்லாத மூன்று பேர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். துக்க வீட்டின் உள்ளறையில் நடப்பது திண்ணையில் இருக்கும் ஆண்களுக்குத் தெரியாது. ஒரே குடும்பம், ஒரே தெரு, ஒரே சாதி என்று ஆதரவு குவிந்தால் சொல்லும் விஷயம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது கட்சியாகிவிடும். நம் சபைகளில் சாதி இல்லை என்று பாவித்துக்கொண்டு வேலை தொடங்கியவர்கள் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். யார் யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதைக் கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) தேர்தல் நெருங்கும் மாதங்களில் இதைத் தொடாதீர்கள். அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் எந்த அணியின் சொல் என்றுதான் காதில் விழும். புது மன்றம் அமர்ந்து சூடு தணியட்டும்.

2. கேட்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘சபையில் சீர்திருத்தம் வேண்டும்’ என்றால் ஆளுக்கொன்றாகக் கற்பனை செய்துகொண்டு பயப்படுவார்கள். எது மாறும், எது மாறாது என்று ஒரு வாக்கியத்தில் தெரிய வேண்டும்.

நாங்கள் முதலில் எழுதியது: ‘ஏழைகளிடம் பாக்கி கேட்கக் கூடாது.’ ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஏழை யார் என்று யார் முடிவு செய்வது? தன்னை ஏழை என்று எழுதிக்கொள்ள எந்த வீடு சம்மதிக்கும்? இரண்டாவதாக எழுதியது: ‘எந்த வீட்டிலும், மரணம் நேர்ந்த நேரம் முதல் முப்பதாம் நாள் ஜெபம் முடியும் வரை, எவரிடமும் சங்கப் பாக்கி கேட்பதில்லை.’ மாடி வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒரே விதி என்பதால் யார் நெற்றியிலும் முத்திரை விழவில்லை. பாக்கி தள்ளுபடியாகவில்லை, கேட்கும் காலம் மட்டுமே மாறுகிறது என்பதும் அதிலேயே தெரிந்தது.

வாக்கியத்தை எழுதி முடித்ததும் எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது எந்தச் சொல் தவறுகிறதோ அதை மாற்றுங்கள்.

3. அது எழுதப்பட்ட விதியா, வெறும் வழக்கமா என்று பாருங்கள்

திருமண்டலத்தின் சட்டவிதிப் புத்தகம், சேகரத்தை நிர்வகிக்கும் குழுவான சேகர மன்றத்தின் பழைய மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) புத்தகங்கள் ஆகிய இரண்டையும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தைச் செயலரின் அனுமதியோடு ஆலயத்தின் அலுவல் அறையான வெஸ்ட்ரியிலேயே வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால் அதுவே ஒரு வழக்காகும்.

எங்கள் புத்தகங்களில் பாக்கியைப் பற்றி ஒரே ஒரு தீர்மானம்தான் இருந்தது: திருமண ஓலை (ஆலயத்தில் வாசிக்கப்படும் திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன் பாக்கி தீர்க்கப்பட வேண்டும். அடக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இடையில் எவரோ ஓலைக்குச் சொன்னதைச் சாவுக்கும் நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கண்ட நாளில் எங்கள் வேலை பாதியானது. முன்னோர் வகுத்ததை உடைக்க வந்தவர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அவர்கள் எழுதாத ஒன்றை நிறுத்தச் சொல்லித்தானே கேட்கிறோம்.

முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே உறுதி செய்யுங்கள். சபையின் நிலமும் கட்டடமும் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். ஆகவே கல்லறைத் தோட்டத்துச் சுவரை நகர்த்துவது, ஆலயத்தில் கட்டுமானம் செய்வது போன்றவற்றைச் சபையார் தாங்களாக முடிவு செய்துவிட முடியாது. திருமண்டலத்தின் அனுமதி வேண்டும். வசூல் முறை சேகர மன்ற அளவிலேயே முடியக்கூடியது. இதைப் பார்க்காமல் இறங்கிய ஒரு சபையில், ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அதிகாரமற்றது என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவை அவர்களால் அதே ஆட்களைக் கூட்ட முடியவில்லை.

4. நோகடிக்கப்பட்டவர்களிடம் கேளுங்கள்

எருசலேமுக்கு வந்த நெகேமியா மூன்று நாள் இருந்து, என்ன செய்யப்போகிறார் என்று ஒருவருக்கும் சொல்லாமல், இரவில் சில பேரோடு எழுந்து போய் இடிந்த மதிலைப் பார்த்தார். மக்களிடம் பேசியது அதற்குப் பிறகுதான். எதையும் அறிவிக்கும் முன் நீங்களும் அப்படிப் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகள் உண்டு.

துக்கம் கடந்து ஓராண்டாவது ஆன வீடுகளுக்குப் போங்கள். கூட ஒரு பெண் வரட்டும். நீங்கள் பேசாமல் கேளுங்கள். எது வலித்தது என்று நாம் நினைப்பதும் உண்மையில் வலித்ததும் வேறாக இருக்கும். ‘பணம் கேட்டார்கள் என்று நான் அழவில்லை தம்பி. மணியடிக்க ஏன் நேரமானது என்று ஊருக்கே தெரிந்துபோயிற்றே, அதற்குத்தான்’ என்றார் ஓர் அம்மா. அந்தப் பேச்சுக்கு முன் மணி எங்கள் நினைவிலேயே இல்லை. ‘மரணச் செய்தி கிடைத்த உடனே துக்கமணி அடிக்கப்படும்’ என்ற வரி தீர்மானத்தில் சேர்ந்தது அந்த அம்மாவால்.

அவர்கள் பெயரைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், அனுமதி தந்திருந்தாலும் வேண்டாம். மேடையில் கண்ணீர் வரவழைக்கலாம். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு அந்த வீட்டார்தான் அதே தெருவில் நடக்க வேண்டும்.

5. கணக்கைப் பொருளாளரோடு சேர்ந்து பாருங்கள்

அடக்கப் பதிவேட்டையும் ரசீது அடிக்கட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் துக்க நாளன்று எவ்வளவு வசூலானது என்று கூட்டுங்கள். எங்களுக்கு வந்த தொகை அந்த ஐந்து ஆண்டுகளில் அசனப் பண்டிகை என்ற சபை விருந்தின் பந்தலுக்குச் செலவழித்ததில் பாதியைக்கூடத் தொடவில்லை. உங்கள் சபையில் பெரிய தொகையாக வந்தால் மறைக்காதீர்கள். ஏழாவது படியில் அதற்கு வழி சொல்லியாக வேண்டும். பொருளாளர் இல்லாமல் கணக்கைத் தொடவே தொடாதீர்கள். அவர்மேல் சந்தேகம் என்று பேச்சு கிளம்பினால் உங்கள் காரியம் அதோடு நின்றது.

6. ஐயரவர்களிடம் போங்கள்

ஐயரவர்கள் என்று நாங்கள் சொல்வது சேகரத்தின் குருவானவரை. சேகர மன்றத்துக்குத் தலைவரும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் வீடு வீடாகப் போனால், விஷயம் அவர் காதுக்கு எட்டும்போது கலகமாகத்தான் எட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த பரபரப்பில் பேசாமல், வாரநாளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆதரவு கேட்காதீர்கள். கேட்டால் அவர் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும், எல்லாருக்கும் மேய்ப்பராக இருப்பவருக்கு அது சங்கடம். இரண்டை மட்டும் கேளுங்கள்: சபையாரைச் சந்தித்துப் பேசத் தடையில்லையா, இதில் தங்களுக்கு என்ன கவலை? எங்கள் ஐயரவர்களின் கவலை மாதந்தோறும் திருமண்டலத்துக்கு அனுப்ப வேண்டிய பங்கைப் பற்றியது. அது நியாயமான கவலை. அதைக் குறித்துக்கொண்டு வந்தோம்.

முழுப் பாரத்தையும் அவர் தோளில் வைப்பதும் தவறு. சில ஆண்டுகளில் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் சொல்லால் மட்டும் வந்த மாற்றம் அவர் சாமான்களோடு வண்டியேறிவிடும்.

இதைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்படியும் கேட்காதீர்கள். பிரசங்கத்துக்கு யாரும் எழுந்து பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாதவர் வெளியே வந்து மரத்தடியில் சொல்லுவார், அதை நீங்கள் கேட்க மாட்டீர்கள். பேராயருக்கு நேரே மனு அனுப்புவதும் மொட்டைக் கடிதம் போடுவதும் இதைவிடக் கேடானவை. மொட்டைக் கடிதம் ஒன்று வந்துவிட்டால், எழுதியவர் யார் என்று தேடுவதிலேயே அந்த ஆண்டு கழியும்.

7. வீடு வீடாகப் பேசுங்கள்: கடுமையாக எதிர்ப்பவர் முதலில்

இதுதான் உண்மையான வேலை. எங்களுக்கு எட்டு மாதங்கள் ஆயின.

புதியவர்கள் ஏற்கெனவே சம்மதிப்பவர்களிடம் முதலில் போகிறார்கள். மனத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் பயனில்லை. நால்வர் கூடிவிட்டார்கள் என்ற செய்தி எதிர்ப்பவரின் காதுக்குப் போய், அவர் தனக்கு நால்வரைச் சேர்த்துவிடுவார். ஆகவே அதிகமாக எதிர்க்கக்கூடியவரிடம் முதலில் போங்கள், தனியாக, அவர் வீட்டுக்கே. அவரைத்தான் முதலில் கலந்தோம் என்பது பிறகு உங்களைக் காப்பாற்றும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இதை நிறுத்தினால் எது கெட்டுப்போகும் என்று நினைக்கிறீர்கள்?’ பதிலை மறுக்காமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பொருளாளர் அண்ணாச்சி எடுத்த எடுப்பில் கேட்டார்: ‘தம்பி, உயிரோடு இருக்கும்போது கேட்டால் அடுத்த வாரம் என்கிறான். ஓலைக்கும் சாவுக்கும்தான் என்னைத் தேடி வருகிறான். சாவை எடுத்துவிட்டால் உபதேசியாருக்குச் சம்பளம் நீ தருவாயா?’ உபதேசியார் என்பவர் ஐயரவர்களுக்கு உதவியாகச் சபையில் ஊழியம் செய்பவர்.

எங்களிடம் பதில் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொண்டு திரும்பினோம். அதைச் செய்யாமல் ‘அன்புதானே பெரிது அண்ணாச்சி’ என்று வசனம் பேசியிருந்தால் அவர் கதவு எங்களுக்கு மறுபடி திறந்திருக்காது. பதில் தேட நான்கு மாதங்கள் ஆயின. கடைசியில் அமைந்தது இது: தெருவுக்கு ஒருவராகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மாதம்தோறும் சங்கம் வாங்கி வருவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் கணக்கை மூடிய உறையில் கொடுப்பது, அறுப்பின் பண்டிகையில் பழைய பாக்கியைத் தவணையாகக் கட்ட வழி செய்வது, உண்மையிலேயே முடியாதவர்களுக்கு ஐயரவர்களும் இரண்டு மூப்பர்களும் பெயரை வெளியிடாமல் குறைப்பது. பாக்கிப் பட்டியலைச் சபையில் வாசிப்பதும் இதோடு நின்றது.

இதை எழுதி எடுத்துப்போன அன்று அண்ணாச்சி நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘அந்தத் திண்ணையில் உட்கார எனக்கு மட்டும் ஆசையா தம்பி?’ என்றார். அவரை எதிராளி என்று எண்ணி நான் கழித்த மாதங்களுக்காக அன்று மிகவும் வருந்தினேன்.

எருசலேம் சபையிலும் விதவைகளைப் பற்றித்தான் முறுமுறுப்பு எழுந்தது. தங்கள் விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் குறைப்பட்டார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்கள் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். தெரு வசூலைப் பெண்கள் கையில் கொடுத்ததற்கு எங்களுக்கு வழிகாட்டியது இந்தப் பகுதி.

பொருளாளருக்குப் பிறகு முன்னாள் பொருளாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பாடகர் குழு மூத்தவர்கள். பதவி இல்லாவிட்டாலும் யார் பேச்சை ஊர் கேட்கிறதோ அவர்கள். ஆலயத்தில் மணியடிக்கிறவரையும் விட்டுவிடாதீர்கள். மணி எப்போது அடிக்க வேண்டும், யார் சொல்லி அடிக்க வேண்டும் என்பதை எங்களுக்கு விளக்கியவர் அவர்தான்.

சம்மதத்தை எண்ணும்போது கவனம் தேவை. முகத்துக்கு நேரே மறுப்பது நம் வழக்கமல்ல. ‘பார்க்கலாம் தம்பி’, ‘எல்லாரும் சொன்னால் சரிதான்’ என்பவற்றைச் சம்மதம் என்று எழுதாதீர்கள். அப்படிச் சொன்னவர்களிடம் வேறொருவர் மறுபடி போகட்டும். நோட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் தெளிவாகச் சரி என்று சொல்லும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இந்த மாதங்களில் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியும் எழுதாதீர்கள். அங்கே எழுதினால் ஒவ்வொருவரும் நிலைப்பாடு எடுத்தாக வேண்டும். ஒருமுறை எல்லார் முன்னும் எடுத்த நிலைப்பாட்டிலிருந்து இறங்குவது மானப் பிரச்சினையாகிவிடும். திண்ணையில் சொன்னதை மாற்றிக்கொள்வது எளிது.

8. தீர்மானத்தை எழுதுங்கள், ஓராண்டுக்கு மட்டும்

‘ஓராண்டு சோதனையாக’ என்ற சொற்களைச் சேருங்கள். தயங்குபவருக்குப் பின்வாங்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் கை தூக்குவார். வசூல் குறைந்ததா இல்லையா என்பதற்கும் ஆண்டு முடிவில் கணக்கே பதில் சொல்லும்.

முன்மொழிபவர் நீங்களாக இருக்கக் கூடாது. எங்கள் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பொருளாளர் அண்ணாச்சி, வழிமொழிந்தவர் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலர். இந்த இரண்டு பெயர்களைக் கேட்டதுமே பலருடைய சந்தேகம் தீர்ந்தது. உங்கள் பெயர் மினிட்ஸில் வராது. அது உறுத்தினால், இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை என்று கொள்ளுங்கள்.

9. கூட்டம்

பொருள் நிரலில் முன்னதாகவே இடம்பெறச் செய்யுங்கள். ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் திடீரென்று எழுப்பினால், விஷயம் பிடித்தவர்களும் முறை பிடிக்கவில்லை என்று எதிர்ப்பார்கள். நிரலில் தேநீருக்கு முன்பாக இருந்தால் நல்லது. பசியும் களைப்புமாக இருக்கும்போது எவரும் புதிதாக ஒன்றுக்கு இணங்குவதில்லை.

யாராவது திருத்தம் கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு ஏற்கப் பாருங்கள். எங்களுக்கு வந்த திருத்தம் முப்பதாம் நாளை நாற்பதாம் நாளாக்கியது. எங்களுக்கு அது இன்னும் நல்லது. திருத்தம் கொண்டுவந்தவர் அதன்பின் அதற்குக் காவலரும் ஆனார்.

கூட்டம் இரண்டாகப் பிளப்பதுபோல் தெரிந்தால் வாக்கெடுப்புக்குப் போகாமல் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஓட்டில் வெல்லலாம். ஆனால் தோற்ற பாதிப்பேர் அடுத்த துக்கத்தில் பழைய வழக்கத்தையே நடத்துவார்கள், தடுக்க ஆள் இராது.

கலையும் முன் தீர்மானத்தை மினிட்ஸில் எழுதி வாசிக்கச் செய்து கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு சேகரத்தில் ‘எந்த வீட்டிலும்’ என்பது ‘வறிய வீடுகளில்’ என்று மாறி எழுதப்பட்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, நினைவுப் பிழை. ஆனாலும் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

10. முதல் துக்கம்

தீர்மானம் ஆலயத்தில் வாசிக்கப்பட்ட பிறகு வரும் முதல் மரணம்தான் சோதனை. அது பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்த வீடாக இராது. எங்களுக்கு வந்தது, வசதியிருந்தும் ஆறேழு ஆண்டுகள் சங்கம் கட்டாமல், வாங்க வந்தவர்களையும் ஏசி அனுப்பிய ஒருவரின் வீடு. ‘இவருக்குமா?’ என்று நல்லவர்களே கேட்டார்கள். ‘எந்த வீட்டிலும்’ என்று எழுதியிருந்ததைக் காட்டினோம். இங்கே ஒரு விலக்கு கொடுத்தால் அடுத்த விலக்கை யாரோ ஓர் ஏழை விதவைக்கு எதிராகக் கேட்பார்கள்.

அன்றைக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. ரசீதுப் புத்தகங்களை வெஸ்ட்ரி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை ஐயரவர்களிடம் கொடுத்துவிடுங்கள். செய்தி வந்ததும் மணியடிக்கிறவருக்கு நேரில் சொல்லுங்கள். பழக்கத்தில் அவர் பொருளாளருக்காகக் காத்திருக்கக்கூடும். பொருளாளரும் செயலரும் வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அவர்களைக் கண்டதும் அந்த வீட்டு மகன் எழுந்து சட்டைப் பையைத் தடவுவான். எங்கள் அண்ணாச்சி அந்தக் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த பின்பு, தெருப் பொறுப்பாளரான அம்மா வழக்கம்போல உறையைக் கொடுத்துவிட்டு வரட்டும். ஆண்டு முடிவில் வசூல் கணக்கை மன்றத்தில் வைத்து, ‘ஓராண்டு சோதனையாக’ என்ற சொற்களை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். அதையும் முன்மொழியப் பொருளாளரையே கேளுங்கள்.